இந்த இடத்தில் மெமரி இல்லை

வைதேகிக்கு ஒரு வியாதி உண்டு என்று அவள் கணவன் ஸ்ரீஹரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். வாசல் கதவைப் பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், லிஃப்டில் இறங்கி கேட் வரைக்கும் போவாள், திரும்ப மேலே ஏறி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர், கீஸர், பால்கனிக் கதவு எல்லாவற்றுக்கும் இதே மரியாதைதான். மயிலாப்பூரில் லஸ் பக்கத்தில் இருக்கும் அந்த அபார்ட்மென்டின் வாட்ச்மேனுக்குக்கூட இது பழகிவிட்டது. அவள் இறங்கி வந்தால் லிஃப்ட் கதவை மூடாமல் பிடித்துக்கொண்டே நிற்பார்.

“நீ பூட்டினதை நான் பாத்தேனே, அப்பறம் என்ன?” என்பான் ஸ்ரீஹரி.

“நீங்க பாத்தேள். நான் பாக்கலையே.”

“நீதானேடி பூட்டினே!”

“பூட்டறது வேற, பூட்டியிருக்கான்னு பாக்கறது வேற.”

அந்த மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான்.

இதே வியாதிக்குத்தான் பெருங்குடியில் ஒரு கம்பெனி அவளுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறது. கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் சின்னச் சின்னக் கணினிப் பெட்டிகள் செய்து விற்கிற கம்பெனி அது. பெட்டிக்குள் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. மெமரியை யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுத்து, யாரும் யார் மேலும் மோதாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. வைதேகி அந்த கெர்னல் ஆள். அதிலும் அவள் கட்டிக்கொண்டு அழுவது ஒரே ஒரு செக்.

மெமரியில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. பிசிக்கல் அட்ரஸ் என்பார்கள். ஒரு புரோகிராம் வந்து ‘இந்த எண்ணில் எழுதணும்’ என்று கேட்டால், அந்த எண்ணில் நிஜமாகவே மெமரி இருக்கிறதா என்று பார்ப்பது அவள் எழுதிய செக். இருந்தால் பேசாமல் வழிவிடும். இல்லையென்றால் ஓட்டத்தை நிறுத்தி, திரையைச் சிவப்பாக்கி, ‘இந்த இடத்தில் மெமரி இல்லை. நிறுத்தப்பட்டது’ என்று தமிழில் எழுதிக் காட்டும். அதைத் தமிழில் எழுத வைப்பதற்கே ஆபீஸில் ஒரு மாதம் சண்டை. “மேடம், எர்ரர் மெசேஜை எவன் மேடம் படிக்கப்போறான்?” என்று சிரித்தார்கள்.

இதைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகிவிடும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். தியேட்டரில் எம் வரிசை வரைக்கும்தான் சீட் இருக்கிறது என்று வையுங்கள். கவுண்டரில் இருப்பவன் ஆர் வரிசைக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டான். வாங்கினவன் வீட்டுக்கா போவான்? இருட்டில் தடவிக்கொண்டே வந்து, ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிற சீட்டில் அவர் மடிமேல் உட்காருவான். இந்தக் கம்பெனிப் பெட்டிகளின் மெமரியும் அதே கதைதான். இல்லாத எண்ணில் எழுதினால் அந்த எழுத்து சுற்றிக்கொண்டு வந்து, இருக்கிற இன்னொன்றின் தலையில் விழும். விழுந்தது யாருக்கும் தெரியாது. பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை வைதேகி எத்தனை மீட்டிங்கில் சொல்லியிருப்பாள்! தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். செக் ஒழுங்காக வேலை செய்கிற நாளில் ஒருத்தரும் அதன் பக்கம் திரும்புவதில்லை. அது ‘முடியாது’ என்று சொல்லும் நாளில் மட்டும் அவளுக்கு போன் வரும், வசவோடு.

அன்றைக்கும் அப்படித்தான் வந்தது. தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். பாண்டி பஜாரில் பொருநை ஜவுளி மாளிகை என்று நாலு மாடிக் கடை, மாணிக்கவாசகம் அண்ணாச்சியுடையது. அங்கே வைதேகியின் கம்பெனிப் பெட்டிகள்தான் பார்சலைக் கவனிக்கின்றன. தி.நகர் கடைகளில் துணி எடுத்தவர்களுக்குத் தெரியும். மாடியில் சேலை எடுப்பீர்கள், பில் போடுவார்கள், கவுண்டரில் பணம் கட்டுவீர்கள், சேலை மட்டும் கைக்கு வராது. அது தனியாகப் பொட்டலமாகிக் கீழே போய் டெலிவரி கவுண்டரில் ஏதோ ஒரு ரேக்கில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் பில்லை நீட்டினால், எந்த ரேக் என்று பெட்டியின் திரை சொல்லும். அங்கே நிற்பவர் எடுத்துக் கொடுப்பார். எந்தப் பில்லுக்கு எந்த ரேக் என்ற விவரம், நடுவில் கரண்ட் கண்ணைச் சிமிட்டினாலும் அழியக்கூடாது என்பதற்காக, மெமரியின் உச்சியில் ஒரு குறிப்பிட்ட எண்ணில் தனியாக வைக்கப்பட்டிருக்கும்.

“மேடம், அண்ணாச்சி கடையில மூணாவது மாடி டெலிவரிப் பெட்டி சிவப்பு காட்டுது,” என்றான் பாலகணேஷ். அவளுடைய மேனேஜர். ஒரு காலத்தில் அவளிடம் வேலை கற்றுக்கொண்டவன், இப்போது அவளுக்கு மேலே. “தீபாவளிக் கூட்டத்துக்குன்னு இன்னைக்குத்தான் அந்த மாடியைத் திறந்திருக்காங்க. திறந்ததும் உங்க செக் வந்து குறுக்கே படுத்துக்கிச்சு. அதைத் தூக்கிட்டு கெர்னலைப் புதுசா ஒரு பில்டு போட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க. சாயங்காலத்துக்குள்ள ஏத்திடலாம்.”

“என் செக் சும்மா படுத்துக்காது. போன மாசம் வரைக்கும் இருந்த மெமரி இன்னைக்கு எங்கே போச்சு?”

“அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் மேடம்.”

“எப்போ? பொங்கலுக்கா?”

“மேடம், கஸ்டமர் கத்தறாரு. அடையாறுல அவர் புதுக் கடைக்கும் நம்ம பெட்டிதான் வாங்கப்போறாரு. இந்த நேரத்துல போய்...”

“நான் பாக்காம கையெழுத்துப் போடமாட்டேன் பாலா. நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன்.”

“இங்கேருந்து தி.நகரா? இன்னைக்கா?” என்று அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. வைதேகிக்கு அது ஓ.எம்.ஆரிலேயே புரிந்துவிட்டது. மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் ஆட்டோ ஊர்ந்தது. மத்திய கைலாஷ் தாண்டுவதற்குள் அவளுக்குக் கழுத்து வலி வந்தது. பனகல் பார்க் பக்கத்தில் ஆட்டோக்காரர் ‘இதுக்கு மேல வண்டி போவாதும்மா’ என்று இறக்கிவிட்டுவிட்டார். லேப்டாப் பையை முன்னால் கட்டிக்கொண்டு, குடையும் கட்டைப்பையும் குழந்தைகளுமாக வந்த கூட்டத்தில் இடிபட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தபோது, எதிரில் யார் வந்தாலும் கடித்துவிடுவாள் போலிருந்தது.

வாசலிலேயே ஒரு கச்சேரி நடந்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்து டெலிவரி கவுண்டர் முன்னால் அண்ணாச்சி தோளில் துண்டோடு நின்று கத்திக்கொண்டிருந்தார். எதிரே நீல யூனிஃபார்ம் சேலையில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“கல்யாணப் பொண்ணுக்கு எடுத்த கூரைப்புடவை! அது எவ வீட்டுக்குப் போச்சோ! பொண்ணு வீட்டுக்காரவுகளுக்கு நீ எடுத்துக் குடுத்தது சுடிதாரு! இந்த வாரத்துல இது எத்தனாவது தடவை? உனக்குக் கண்ணு தெரியலையா, இல்ல திருட்டு ஜோலி பாக்குதியா? திருடி!”

“மொதலாளி, அப்டி சொல்லாதீங்க. டிவில இன்னா நம்பர் வந்துச்சோ அந்த ரேக்குலேர்ந்துதான் எட்துக் குட்த்தேன். நானா ஒண்ணும் பண்ணல.”

“அப்போ பெட்டி பொய் சொல்லுதோ? மிஷினு எதுக்குப் பொய் சொல்லுது? இன்னைக்குச் சாயங்காலம் கணக்கை முடிச்சுக்கோ செண்பகம். நாளையிலேருந்து வரவேண்டாம்.”

செண்பகம் என்ற அந்தப் பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்து பில் நீட்டினவரிடம் கையை நீட்டினாள். வரிசை வாசல் வரைக்கும் நின்றது.

வைதேகிக்கு இதெல்லாம் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. கீழே இருந்த பெட்டியின் திரை பச்சையாகத்தான் இருந்தது. சிவப்பு மூன்றாவது மாடியில். அவள் அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே ஏறினாள்.

மூன்றாவது மாடியில் சிவப்புத் திரைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் கடையின் எலக்ட்ரீஷியன் வடிவேலு. அவள் பெட்டியின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் தூக்கினாள். தூக்கினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே மெமரி அட்டை இருந்தது. அதன் நெற்றியில் சந்தனம் இருந்தது. சந்தனத்துக்கு நடுவில் குங்குமம் இருந்தது.

“இது என்ன?”

“பொட்டு மேடம்.”

“பொட்டுன்னு எனக்குத் தெரியாதா? இங்கே எப்படி வந்தது?”

வடிவேலுவுக்கு அவள் கோபம் புரியவே இல்லை. “ஆயுத பூஜைக்கு வெச்சது மேடம். மத்த கடைல எல்லாம் டிவி மேல, மூடி மேல சொம்மா ஒரு பொட்ட வெச்சுட்டுப் போய்க்கினே இருப்பானுங்க. நான் அப்டி இல்ல. கடைல கீற அல்லா கம்ப்யூட்டரும், இந்தப் பெட்டியும், ஒண்ணு பாக்கி இல்லாம கழட்டி, உள்ள கீற தூசி எல்லாம் தொடச்சு, இந்த அட்டைங்களை உருவித் தாம்பாளத்துல வெச்சு சாமி முன்னாடி படைச்சேன். அதுக்குள்ளதானே மூளை கீது? மறுநாள் விஜயதசமி காலைல திரும்பச் சொருவிட்டேன். ஒண்ணுகூட ஒடையல.”

“எது எதுலேருந்து உருவினதோ அதுலயே சொருகினீங்களா?”

“அல்லாம் ஒரே மாதிரிதானே மேடம் கீது?”

வைதேகி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐயோ, ஐயோ என்று மட்டும் வாயில் வந்தது. எட்டு ஜி.பி. அட்டையும் நாலு ஜி.பி. அட்டையும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கடை ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இருந்தது நாலு, பெட்டிகளில் இருந்தது எட்டு. எல்லாம் ஒரே தாம்பாளத்தில் சாமி பார்த்துவிட்டு, எது எதற்குள்ளோ போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்தப் பெட்டிக்கு இப்போது பாதி மெமரிதான். ரேக் விவரம் எழுதுகிற எண் மேல்பாதியில் இருக்கிறது. அந்த மேல்பாதியே இல்லை. செக் பார்த்தது, இல்லை என்றது, நின்றது. அதைத்தான் காலையிலிருந்து குறுக்கே படுத்துக்கொண்டது என்று திட்டுகிறார்கள்.

“நல்ல மனுஷன்தான் நீங்க, போங்க! உங்க பக்தியில என் உயிர் போறது,” என்றாள். வடிவேலு அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். ஆபீஸ் கம்ப்யூட்டர்களைத் திறந்து எட்டு ஜி.பி. அட்டை எங்கே இருக்கிறது என்று தேட அவரை அனுப்பினாள். அட்டையில் எந்த எழுத்தைப் பார்க்கவேண்டும் என்று காட்டி, திரும்பச் சொல்லச் சொல்லி, அதையும் சரிபார்த்துத்தான் அனுப்பினாள்.

வேலை முடிந்தது என்றே நினைத்தாள். கீழே வந்து, டெலிவரி கவுண்டரைத் தாண்டி, வாசல் பக்கம் நாலு எட்டு வைத்தாள். அப்புறம் அந்த வியாதி பிடித்து இழுத்தது. எல்லாப் பெட்டியையும் கழற்றினேன் என்றார் வடிவேலு. அப்படியானால் இந்தக் கீழ்ப்பெட்டி? பச்சையாகத்தான் இருக்கிறது. பச்சையாக இருந்தால் மெமரி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இருந்தாலும்...

“ஒரு நிமிஷம்மா,” என்று செண்பகத்தை நகரச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைச் செருகிப் பார்த்தாள்.

நாலு ஜி.பி.

பாதி மெமரி, பச்சைத் திரை. இரண்டும் சேர்ந்து இருக்கவே முடியாது, அவள் செக் இருந்தால். கெர்னலின் பதிப்பைப் பார்த்தாள். அவள் கையெழுத்துப் போடாத பதிப்பு. விஜயதசமி அன்று ஏற்றியிருந்தது.

போனை எடுத்தாள். “பாலா, கீழ்த்தளத்துப் பெட்டியில என்ன ஏத்தியிருக்கே?”

“அது... விஜயதசமி காலைல சிவப்பு வந்துச்சு மேடம். பூஜைக்கு அப்பறம் முதல் வியாபாரம், அபசகுனம்னு அண்ணாச்சி குதிச்சாரு. நீங்க அன்னைக்கு லீவு. செக்கை மட்டும் எடுத்துட்டு இங்கேருந்தே ஏத்திட்டேன். நல்லா ஓடுதில்ல? இத்தனை நாள்ல ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது!”

ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது. வைதேகி தலையைத் திருப்பிப் பார்த்தாள். செண்பகம் திரையைப் பார்த்தாள், ரேக்குக்குப் போனாள், எடுத்தாள், பில்லையும் பொட்டலத்தையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தாள். பொட்டலத்தின் மேல் ஒன்றும் எழுதியிருக்காது. மூடி ஒட்டின கவர். ஒப்பிட என்ன இருக்கிறது? பயத்தில் சும்மா பார்க்கிறாள். திரை சொன்னதைக் கொடுத்தாள்.

“பாலா, கம்ப்ளெயின்ட் இருக்கு. நமக்கு வரலை. வேற ஒருத்தர் தலையில விழுந்துண்டிருக்கு. பெட்டி சொல்ற ரேக் நம்பர் தப்பு. அதுக்கு ஒரு பொம்மனாட்டியை வேலையை விட்டு அனுப்பறா இங்கே.”

அப்புறம் அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். “மேடம், நான் சொல்றதைக் கேளுங்க. அட்டையை மாத்திடுங்க. பழைய கெர்னலைப் போட்டுடுங்க. எல்லாம் சரியாயிடும். யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். அந்தம்மா விஷயம் கடை விஷயம், நம்ம விஷயம் இல்ல. அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா அடையாறு கடை போச்சு, என் வேலை போச்சு, உங்க வேலையும்தான் மேடம்.”

அவன் சொன்னது அத்தனையும் நடக்கக்கூடியதுதான். அட்டையை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? மாற்றிவிட்டால் நாளையிலிருந்து பார்சல் ஒழுங்காகப் போகும். செண்பகம் இல்லாததால்தான் ஒழுங்காகப் போகிறது என்று அண்ணாச்சி சத்தியம் பண்ணுவார். அதை நினைத்தபோதுதான் வைதேகிக்குச் சுர்ரென்று ஏறியது. போனைக் கட் பண்ணினாள்.

“அண்ணாச்சி! கொஞ்சம் இப்படி வாங்கோ. அவங்க மேல தப்பு இல்லை. தப்பு எங்க பெட்டி மேல. அதுதான் ரேக்கைத் தப்பாச் சொல்றது.”

அண்ணாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்னம்மா சொல்லுதிய? மாடியில ஓடாத பெட்டியைச் சரி பண்ண வந்திய. இப்போ ஓடுத பெட்டியைத் தப்புங்கிய. பாவம்னு அவளுக்காகப் பேசுதியளோ?”

“நிரூபிக்கறேன். உங்க துண்டைக் குடுங்கோ.”

துண்டைக் கவரில் போட்டு, ஒரு பில் போட்டு, செண்பகத்திடம் கொடுத்து ரேக்கில் வைக்கச் சொன்னாள். பன்னிரண்டாம் ரேக். அண்ணாச்சி பில்லை நீட்டினார். திரை பன்னிரண்டு என்றது. துண்டு வந்தது.

இன்னொரு தடவை. பன்னிரண்டு. துண்டு வந்தது.

சனியன்! வேண்டாத நேரத்தில் எல்லாம் கழுத்தறுத்துவிட்டு, பார்க்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக நிற்கிறது. அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். செண்பகம் வைதேகியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். ஏதோ வழி பிறந்தது என்று நம்பினவள், அதையும் விட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

வைதேகி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். வரிசையை நிறுத்திவிட்டுச் சோதனை பண்ணினால் எப்படித் தெரியும்? துண்டின் விவரம் எழுதின உடனே படித்தால் அது அங்கேதான் இருக்கும். அதன்மேல் வேறு எதுவும் இன்னும் வந்து உட்காரவில்லை. கூட்டம் வரவேண்டும். மாடிகளிலிருந்து பில் கொட்டவேண்டும்.

“அண்ணாச்சி, கடைசியா ஒரு தடவை. துண்டை மறுபடி பில் போட்டுப் பன்னிரண்டுலயே வெச்சுடலாம். நீங்க வியாபாரத்தை நடத்துங்கோ. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்போம்.”

“இன்னும் ஒரு தடவைதான்,” என்று அவர் துண்டைக் கழற்றிக் கொடுத்தார். துண்டில்லாத தோளை அடிக்கடி தடவிக்கொண்டு கல்லாப் பக்கம் போய் உட்கார்ந்தார். வைதேகி செண்பகத்தின் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். மேலேயிருந்து பொட்டலங்கள் வந்துகொண்டே இருந்தன.

“நீ ஏம்மா எனக்காக இத்தினி கஷ்டப்படறே?” என்று செண்பகம் கையை நிறுத்தாமல் கேட்டாள். “நான் பெரும்பாக்கத்துலேர்ந்து வர்றேன். முன்னாடி அடையாறு ஆத்தாண்டதான் இருந்தோம், இங்கேர்ந்து நடந்தே வூட்டுக்குப் போவேன். குடிசைய இட்சுட்டு எங்கள பெரும்பாக்கத்துல தூக்கிப் போட்டப்புறம் காலைல ரெண்டு பஸ், சாயங்காலம் ரெண்டு பஸ். அப்பவும் ஒரு நாளு லேட்டா வந்ததில்ல. வேல போனா போவுது, வேற கட பாப்பேன். ஆனா திருடின்னு சொல்லிட்டாரே. பக்கத்துக் கடைக்காரன் இன்னான்னு கேப்பான் இல்ல?”

உனக்காக இல்லை, எனக்கே வெட்கமாக இருக்கிறது என்று வைதேகி சொல்ல வந்தாள். அதற்குள் கல்யாணக் கோஷ்டி ஒன்று பில் கட்டோடு வந்துவிட்டது.

அந்தக் கோஷ்டி நகர்ந்ததும் அண்ணாச்சி எழுந்து வந்தார். பில்லை நீட்டினார். திரை முப்பத்தொன்று என்றது.

செண்பகம் ஒரு வினாடி நின்றாள். துண்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வைதேகி தலையை மட்டும் அசைத்தாள். செண்பகம் போய் முப்பத்தொன்றிலிருந்து பொட்டலத்தை எடுத்து வந்து அண்ணாச்சி கையில் கொடுத்தாள். அவர் பிரித்தார். உள்ளே ஒரு சின்னப் பெண் போடுகிற பட்டுப்பாவாடை, மாம்பழக் கலரில்.

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி தானே பன்னிரண்டாம் ரேக்குக்குப் போய்த் தன் துண்டைத் தன் கையால் எடுத்தார். பிறகு பாவாடையையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எத்தனை நாளா இப்படி?”

“விஜயதசமியிலேருந்து. பூஜையில மெமரி அட்டை மாறிப்போச்சு. அதை எங்க பெட்டி அன்னைக்கே கண்டுபிடிச்சு நின்னுது. நின்ன பெட்டியை எங்க ஆபீஸ்லதான் வாயைக் கட்டி ஓட விட்டாங்க. அது எங்க தப்பு. எழுதிக் கேட்டாலும் எழுதித் தரேன்.”

மன்னிப்புக் கேட்பார் என்று நீங்கள் எதிர்பார்த்தால் உங்களுக்கு அண்ணாச்சியைத் தெரியாது. துண்டை உதறித் தோளில் போட்டார். “சரி சரி, நாளைக்கு எப்பவும்போல வா,” என்று ரேக்கைப் பார்த்துச் சொன்னார், செண்பகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வைதேகிக்கு அந்தத் துண்டைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

“எல்லாருக்கும் முன்னாடி திருடின்னேளே. எல்லாருக்கும் முன்னாடி இல்லைன்னும் சொல்லுங்கோ.”

கடையில் அவரிடம் இப்படி யாரும் பேசியதில்லை. அவர் முகம் சிவந்தது. வரிசை முழுக்க அவரையே பார்த்தது. “அவ மேல தப்பில்லப்பா,” என்றார் கடைசியில், சத்தமாகத்தான். “மிஷினு பண்ணின கோளாறு.”

அடுத்து அவள் தன் செக்கோடு கூடிய கெர்னலைக் கீழ்ப்பெட்டியில் ஏற்றினாள். வடிவேலு இன்னும் அட்டையோடு வரவில்லை. ஆனாலும் தப்பாகச் சொல்கிற பெட்டியை இன்னும் ஒரு பார்சலுக்கு விட அவளுக்கு மனசில்லை. பெட்டி அணைந்து எழுந்தது. திரை சிவப்பானது.

வரிசை ஓலமிட்டது. அண்ணாச்சி தலையில் கை வைத்தார். “ஓடிக்கிட்டிருந்ததையும் நிறுத்திட்டியளே தாயி! பண்டிகைக் கூட்டம்! இதுக்கு அது பரவாயில்ல போலிருக்கே!”

“பரவாயில்லையா? பட்டுப்பாவாடையைப் போட்டுண்டு போங்கோ அப்போ!” என்று வாய்வரைக்கும் வந்ததை வைதேகி விழுங்கிக்கொண்டாள். எத்தனை மீட்டிங், எத்தனை வருஷம்! நிரூபித்துக் காட்டிய பிறகும் அதே பாட்டு. அட்டை வந்ததும் ஐந்து நிமிஷம் என்று அவருக்குச் சொன்னாள்.

செண்பகம் மட்டும் கத்தவில்லை. கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அந்தச் சிவப்புத் திரையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். “இந்த... இடத்தில்... மெமரி இல்லை. நிறுத்தப்பட்டது.” இன்னொரு தடவை படித்தாள்.

“எடம் இல்ல, நான் போவ மாட்டேன்னு சொல்லுதா?”

“ஆமாம்மா.”

“இத்தப் பூஜைக்கு மறுநாளே சொல்லிச்சா?”

“சொல்லித்து.”

“தமிழ்ல நல்லாத்தானே எழுதிக்கீது. நானே படிச்சிருப்பேனே.” அவள் திரையைத் தொட்டுக் காட்டினாள். “அத்தப் படிச்சிருந்தா அன்னிக்கே மொதலாளியாண்ட காட்டியிருப்பேன். எவன்மா இத்த எட்து உட்டது?”

வைதேகியின் போன் அடித்தது. பாலகணேஷ். காதில் வைப்பதற்குள் அவன் குரல் கவுண்டர் வரைக்கும் கேட்டது. “மேடம், முடிச்சிட்டீங்களா? ஒண்ணும் உளறிடலையே? அடையாறு கடைப் பெட்டிக்கும் அந்த செக் இல்லாத பில்டையே அனுப்பிடவா? இந்தத் தலைவலியே வேணாம்.”

வைதேகிக்குச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போயிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு, கவுண்டருக்குக் குறுக்கே செண்பகத்திடம் நீட்டினாள்.

“இவன்தாம்மா எடுத்து விட்டவன். நீங்களே பேசுங்கோ.”

செண்பகம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். “ஹலோ,” என்றாள். “யாரு நைனா பேசறது? நான் பொருநை கடைலேர்ந்து பேசறேன். திருடி.”